ஒன்பது முறை கதவைத் தட்ட ஆள் இருக்கிறதா?

“கேஸு ஏதும் ஆவுமா தம்பி?”

ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு தெருவில் அந்த அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி அன்று ஐந்தாம் நாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறவன். (யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) சாக நினைத்து, அக்கம்பக்கத்தார் ஓடிவந்ததால் பிழைத்தவன். உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். விசாரித்தவர்களுக்கெல்லாம் விஷக்காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தெருவுக்கே உண்மை தெரியும். தெரிந்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தோம். மாத்திரைகள் எழுதியிருந்தன, வேளையும் குறித்திருந்தது. மனநல மருத்துவரை எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று ஒரு வரி இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. இப்படிப்பட்ட சீட்டுகளை வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறோம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். கேஸ் ஆகாது. தற்கொலைக்கு முயன்றவரையே குற்றவாளியாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. (அரசு ஊழியர் தன் கடமையைச் செய்யவிடாமல் நெருக்கும் நோக்கத்தோடு முயன்றால் மட்டும் 226-வது பிரிவு பாயும். மனுநாளில் கலெக்டர் அலுவலக வாசலில் நடப்பவற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.) அதற்கு முன்பே, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 115-வது பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதோடு நிற்கவில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்து, மறுபடி அப்படி நேராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். போடுவதும், போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் வாங்குவதும் தொடர்கின்றன. நம் சனங்கள் சட்டத்தைப் படித்து மிரளவில்லை. தொப்பியைப் பார்த்து மிரள்கிறார்கள். மிரண்டவர்கள் விஷயத்தை மூடுகிறார்கள். மூடிய பிறகு அந்தப் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சாவு விழுந்த வீட்டுக்குக் கூட்டம் வருகிறது, கட்சிக்கொடி வருகிறது, கேமரா வருகிறது. பிழைத்து வந்த வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதிலும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக மோசமானவை என்பது மருத்துவ உலகில் பழைய செய்தி. எந்த நாட்களில் ஆள் வேண்டுமோ, அந்த நாட்களில்தான் நாம் காய்ச்சல் என்று கதை சொல்லிக் கதவைச் சாத்துகிறோம்.

கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிரேசிலின் காம்பினாஸ், இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யூன்செங் ஆகிய ஊர்களோடு நம் சென்னையும் அந்த ஆய்வில் இருந்தது. முடிவு 2008-இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போன் செய்தோ, நேரில் போயோ விசாரித்தார்கள். எப்படியிருக்கிறாய், ஏதாவது உதவி வேண்டுமா என்ற அளவுதான்.  18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 சதவீதம்.

கோடி ரூபாய் எந்திரம் எதுவும் இதில் இல்லை. ஒன்பது முறை கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அரியலூர் மாவட்டத்தில் அந்த ஆள் இல்லாமல் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். பாட்டிக்கு மாத்திரை கொடுக்க வருகிறவர், அதே வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பேரனிடம் இரண்டு வார்த்தை பேசக் கூடாதா? பேசலாம். அதற்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், அதற்கென்று ஊக்கத்தொகை வேண்டும். ரகசியம் காக்கும் பொறுப்பும் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பிறகு பேசுவோம். அதில் சாதி இருக்கிறது.

என்ன பேசுவது என்பதுதான் பலருக்குப் பயம். “சாவு பத்திக் கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடாதா?” என்று ஒரு விடுதிக் காப்பாளர் எங்களிடம் கேட்டார். ஆகாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சுற்றி வளைக்காமல், கண்டிக்காமல் கேட்க வேண்டும். “வாழவே வேணாம்னு தோணுதா? செத்துடலாம்னு நெனச்சியா?” ஆமாம் என்று தலையசைத்தால், எப்படி என்று யோசித்தானா, எப்போது என்று முடிவு செய்தானா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறானா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். எண்ணம் மட்டும் இருப்பவன் வேறு. நாள் குறித்து, பொருளும் கையில் வைத்திருப்பவன் வேறு. இரண்டாமவனைத் தனியே விடக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். எதற்காக இதுவரை உயிரோடு இருக்கிறாய் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. தங்கச்சிக்காக என்பான், ஆட்டுக்குட்டிக்காக என்பான். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு, இவனுக்கு ஆபத்து குறைவு, இவளுக்கு அதிகம் என்று முத்திரை குத்தும் படிவங்கள் நிறைய இருக்கின்றன. பள்ளிக் கல்வியிலும் அப்படி ஒரு படிவம் வந்தால் அதிகாரிகளுக்கு வசதி, கணக்குக் காட்டலாம். ஆனால் யார் சாவார் என்று இந்த மதிப்பெண்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவற்றை வைத்து யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்று இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. குறைவு என்று குறிக்கப்பட்டவர்களும் இறந்துபோகிறார்கள். மதிப்பெண்ணால் பிள்ளைகளை அளந்து அளந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தோம், இதிலும் மதிப்பெண்ணா?

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது ஒரு பக்கத் தாள். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. பாதுகாப்புத் திட்டம் என்று சொல்லலாம். மனம் கெடப்போகிறது என்பதற்கு எனக்கு என்ன அறிகுறி, அப்போது நானாக என்ன செய்வேன், எங்கே போய் யாரோடு இருப்பேன், யாரிடம் வாய்விட்டுச் சொல்வேன், எந்த எண்ணுக்குப் போன் செய்வேன், ஆபத்தான பொருளை வீட்டிலிருந்து யார் அகற்றுவார்கள். சம்பந்தப்பட்டவர் தன் வார்த்தையில், தன் கையால் எழுத வேண்டும். எங்கள் தம்பி எழுதியபோது, எங்கே போவேன் என்ற இடத்தில் ‘கொள்ளிடம் மணல்’ என்று எழுதினான். தனியாகவா என்று கேட்டோம். அடித்துவிட்டு ‘வாலிபால்’ என்று எழுதினான்.

இனி, ஒருவருக்கு எவ்வளவு உதவி எங்கே கிடைக்க வேண்டும் என்ற திட்டத்துக்கு வருவோம். மருத்துவத்தில் இதைப் படிநிலைச் சிகிச்சை என்கிறார்கள். படிநிலை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னதுதான் நினைவுக்கு வரும். அது மேலே போக முடியாத படி. இது போய்வரக்கூடியதாக இருக்க வேண்டிய படி. லேசான வருத்தத்தில் இருப்பவருக்குத் தெருவிலேயே, விடுதியிலேயே பேச ஆள். அதில் தேறாதவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர். அதிலும் தேறாதவருக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர். கடுமையானவருக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுக்கை. தேறியதும் மறுபடி கீழே இறங்கி, தெருவில் விசாரிக்கும் ஆளிடம் வந்து சேர வேண்டும். உயிராபத்தில் இருப்பவர் கீழ்ப்படியிலிருந்து வரிசையாக ஏறி வர வேண்டியதில்லை; நேராக மேலே போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘முதலில் பி.எச்.சி.யில் காட்டிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினால் அது படிநிலை இல்லை, அலைக்கழிப்பு.

நம் மாவட்டத்தில் இந்த ஏணியின் மேல்படி இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. 14416 என்ற எண் இருக்கிறது. ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 அக்டோபர் முதல் இரவும் பகலும் தமிழில் பேசுகிறார்கள். 104-ம் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகாவின் 044-24640050 இருக்கிறது. இல்லாதது நடுப்படிகள். ஏலாக்குறிச்சியிலிருந்து திருமானூர் வழியாக அரியலூர் போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, மகனுக்கு உண்டு. டிக்கெட்டைவிடப் பெரியது அன்றைய கூலி. ஒருமுறை போவார்கள். இரண்டாம் முறை நடவு வந்துவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. ஜிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண், மறுபடி மனம் மோசமானபோது ஆஸ்பத்திரிக்கு வர பஸ் காசு இல்லாமல் இறந்துபோனார். அதன்பின்தான் அவர் ஹராரே நகரச் சுகாதார நிலையங்களின் வாசலில் மரபெஞ்சுகளைப் போட்டு, அந்தந்தப் பகுதிப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார். பாட்டிகள் ‘மன அழுத்த நோய்’ என்று பேசுவதில்லை. அவர்கள் மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் பாட்டிகளும் “புள்ள ரொம்ப யோசன பண்ணுது” என்றுதானே சொல்கிறார்கள்? அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்கள் கணிசமாகத் தேறியதை 2016-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. டெல்லி அரசுப் பள்ளிகளிலும், மருத்துவர் அல்லாத ஆலோசகர்களைக் கொண்டு பிள்ளைகளின் சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் முறையைச் சோதித்திருக்கிறார்கள்.

இப்போது சாதிக்கு வருவோம். 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 19,834; மாநிலங்களில் இரண்டாம் இடம். மாணவர்கள் மட்டும் நாடு முழுக்க 13,044, தமிழ்நாட்டில் 1,416. கால் பங்குக்கு மேல் தினக்கூலிகள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர்கள். தொழில் இருக்கிறது, வருமானம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. சாதி என்ற கட்டம் மட்டும் அந்த அறிக்கையில் இல்லை. கணக்கில் வராத ஒன்று திட்டத்திலும் வராது.

பள்ளியில் ஒரு பையனைச் சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்கிறார்கள், அவன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. அவனை ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். ஆலோசகர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் கேலி செய்தவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், இவனுக்குச் சொல்லித் தந்தது சகித்துக்கொள்ளும் பயிற்சி. ஆலோசகரின் குறிப்பில் சாதிக் கொடுமை என்று எழுத இடம் வேண்டும். எழுதினால் தலைமையாசிரியர் நடவடிக்கை எடுக்கவும், தேவைப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி புகார் போகவும் வழி வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குள் சாதி எப்படி நுழைகிறது என்று தெரியாதவர்கள் அதைப் படிக்கலாம்.

ரகசியம் என்று முன்பு சொன்னோமே, அது இதுதான். கதவைத் தட்ட வருகிறவர் ஊர்த்தெருக்காரராக இருந்தால் நம் பெண்பிள்ளை வாய் திறப்பாளா? அவள் சொன்னது மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடும் என்ற பயம் வெறும் பயமில்லை. ஆகவே நம் தெருக்களிலிருந்தே ஆட்களை எடுத்துப் பயிற்சி தர வேண்டும். நம் தெருவிலும் வம்பளப்பவர்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகளையே கேளுங்கள்: இந்த அக்காவிடம் சொல்வீர்களா?

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் 2023-இல் இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் தொடர்ந்த வழக்கில், 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கை பதியச் சொன்னதோடு, நீதியரசர் ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25-இல் இன்னொரு வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது; குறைவாக உள்ளவை வெளியிலிருக்கும் மனநல வல்லுநரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளோடு எப்படி நடந்துகொள்வது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. விடுதிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். 2025 ஜூலையில் நம் நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். 2,739 விடுதிகள், 1.79 லட்சம் பிள்ளைகள். பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் ஆலோசகரும் வர வேண்டாமா?

குழுமூர் அனிதாவைப் பேசாமல் இந்த மாவட்டத்தில் இதைப் பேச முடியாது. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்தவர். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர். 2017 செப்டம்பர் 1-இல் அவரை இழந்தோம். 2020, 2021 செப்டம்பர்களிலும் இதே மாவட்டத்திலிருந்து துயரச் செய்திகள் வந்தன. அதன்பிறகு 2021-இல் நீட் எழுதிய 1.10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அரசு 104 வழியாகப் போன் செய்து பேசியது. நல்ல காரியம். அரியலூர் மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அனிதாவின் பெயரும் வைத்தார்கள். அந்த அரங்கம் இருக்கிற வளாகத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகர் வாரம் ஒருநாள் திருமானூருக்கும் செந்துறைக்கும் வர வேண்டும் என்று கேட்கிறோம்.

எங்கள் மீதும் ஒரு குற்றம் இருக்கிறது. பதாகை வைத்தோம், வீரவணக்கம் சொன்னோம், தியாகி என்றோம். கோபம் நியாயமானது, நீட் பற்றிய எங்கள் எதிர்ப்பில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை அந்தப் பதாகையை நிமிர்ந்து பார்க்கும்போது என்ன படிக்கிறாள்? உயிரோடிருந்து கேட்டால் திரும்பிப் பார்க்காதவர்கள், செத்தால் லட்சம் பேர் கூடுகிறார்கள் என்று படித்தால்? அந்தப் பாடத்தை நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. தேர்வு ஒன்றுதான் காரணம் என்று ஒற்றை வரியில் எழுதுவதும் அதே தவறு. இனி எங்கள் இரங்கல் சுவரொட்டியில் தியாகி என்ற சொல் இருக்காது, 14416 இருக்கும். தோழர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

மனதோடு நேரடியாகச் சம்பந்தமில்லாத சில ஏற்பாடுகளும் உயிரைக் காக்கின்றன. தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு வந்தது அப்படி ஒன்று; சினேகா போன்ற அமைப்புகள் நெடுநாள் வற்புறுத்திப் பெற்றது. 2017 முதல் மாநில ரேங்க் பட்டியல் நின்றது இன்னொன்று. மூன்றாவது பூச்சிமருந்து. கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த இலங்கையில், 1995-இல் லட்சத்துக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம் பத்தே ஆண்டில் பாதியானது. வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தும் அங்கே பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2017-இல் தெரிந்தது. தடைதான் வேலை செய்தது. நம் மாநில அரசு தற்காலிகமாகத்தான் விற்பனையை நிறுத்திவைக்க முடியும்; நிரந்தரத் தடை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. வயலில் மருந்தடிப்பவர்கள் நம் ஆட்கள். மிச்ச மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வருகிறோம்.

வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்றார். அடைக்கல மாதாவைத் தேடி எங்கெங்கிருந்தோ மனபாரத்தோடு சனங்கள் வருகிறார்கள், சாதி மதம் பார்க்காமல். கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் மனம் உடைந்தவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே மெழுகுவத்தி விற்பவர்களுக்கே தெரியும். ஹராரேயில் போட்ட மாதிரி ஒரு பெஞ்சை இங்கே போட்டால் என்ன? பங்குத்தந்தையிடமும் ஊராட்சியிடமும் கேட்க இருக்கிறோம்.

திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் கொடுக்கப்போகும் மனுவில் மூன்றே கோரிக்கைகள். தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி எழுதப்பட வேண்டும். அவர்கள் சம்மதத்தோடு, 18 மாதத்துக்கு ஒன்பது முறை விசாரிக்க ஒருவர் பொறுப்பாக்கப்பட வேண்டும். மாவட்டத்தின் சமூகநீதி விடுதிகள் ஒவ்வொன்றுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஆலோசகர் வேண்டும்.

அந்தத் தம்பி வீட்டுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறோம். இரண்டாம் முறை பேசவே இல்லை. மூன்றாம் முறை போனபோது வீட்டில் இல்லை; வாலிபால் ஆடப் போயிருப்பதாக அம்மா சொன்னார். இன்னும் ஆறு முறை போக வேண்டும்.